ஏழு போட்ட பயணி

மலிவு விமானங்களின் சேவைத் தரத்தை அளப்பதற்கென்றே ஒரு வாரியம் இருக்கிறது. விமானங்களில் ஆயிரம் குறை இருக்கலாம், வாரியத்தில் ஒரு குறையும் கிடையாது. பளபளவென்று தரை, காலால் தொட்டால் திறக்கும் கதவு, தலைவருக்கு அறைக்குள் இன்னொரு அறை. அந்த உள்ளறையில் அவர் என்ன செய்கிறார் என்பதை அளக்க இதுவரை வாரியம் எதுவும் அமைக்கப்படவில்லை.

வாரியத்தின் சூத்திரம் பச்சைப்பிள்ளைக்கும் புரியும். பயணி என்ன எதிர்பார்த்தார் என்பதற்கு ஏழுக்கு ஒரு மதிப்பெண். அவருக்கு என்ன கிடைத்தது என்பதற்கு ஏழுக்கு ஒரு மதிப்பெண். கிடைத்ததிலிருந்து எதிர்பார்த்ததைக் கழித்தால் மிச்சம் நிற்பது தரம். ஆரம்பத்தில் அந்த மிச்சம் எந்த விமானத்துக்கும் சைபரைத் தொடவில்லை. கிடைப்பதை உயர்த்துங்கள் என்று வாரியம் விமானக் கம்பெனிகளுக்கு எழுதியது. அதற்கு ஆள் வேண்டும், விமானம் வேண்டும், கிழியாத சீட் வேண்டும் என்று கம்பெனிகள் பதில் எழுதின. இப்படியே கடிதம் போவதும் வருவதுமாக இருந்த காலத்தில், வாரியத்தில் இளநிலை அதிகாரியாக இருந்த ஒருவர் சாப்பாட்டுக்குப் பிறகு சூத்திரத்தை உற்றுப் பார்த்தார். கழித்தலில் இரண்டு எண்கள் இருக்க, நாம் ஏன் ஒன்றையே பிடித்துக்கொண்டு தொங்குகிறோம் என்று கேட்டார். கிடைப்பது கிடைக்கிறபடி கிடைக்கட்டும். எதிர்பார்ப்பதைக் குறைத்துவிட்டால் தரம் தானாக ஏறிவிடும். செலவும் இல்லை. அவர்தான் இப்போதைய தலைவர்.

இந்தக் கண்டுபிடிப்பு எதுவும் சீட்கவர்க்காரரின் காதுக்கு எட்டியிருக்கவில்லை. மேம்பாலத்தின் அடியில் கடை வைத்துக் கார்களுக்கு சீட் கவர் தைக்கிறவர் அவர். ஊசி, ரெக்சின், ஸ்பாஞ்சு, வாடிக்கையாளர்களின் அவசரம் என்று நாள் போகும். விமானத்தில் அதுவரை ஏறியதில்லை. இப்போது ஏற வேண்டி வந்ததற்குக் காரணம் தங்கச்சி.

தங்கச்சிக்கு நாற்பது தாண்டிவிட்டது. பல் டாக்டரின் கிளினிக்கில் முன்மேசையில் உட்கார்ந்து, வலியோடு வருகிறவர்களை இருபது வருடமாக அதட்டிக்கொண்டிருக்கிறாள். அங்கே கடைவாய்ப்பல் பிடுங்க வந்த ஒரு கப்பல் எலக்ட்ரீஷியன், பல் போன பிறகும் வந்துகொண்டிருந்தார். இருவரும் கல்யாணம் செய்துகொள்வது என்று முடிவானபோது, இந்த வயதில் இது தேவையா என்று பெரியண்ணன் போனை வைத்தார், அதன்பிறகு எடுக்கவே இல்லை. மற்ற சொந்தங்களும் அதே வழி. பதிவு அலுவலகமோ பெண்ணுக்கு ரத்த உறவு ஒருவராவது நேரில் வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டால்தான் ஆயிற்று என்றது. பதிவுக்குக் கொடுத்த நேரம் மதியம் மூன்று மணி. அதற்கு மறுநாள் மாலை மாப்பிள்ளை கப்பல் ஏறியாக வேண்டும். ஏறினால் திரும்ப முக்கால் வருடம்.

"நான் வரேன். மூணு மணிக்கு உன் பக்கத்துல நிப்பேன். நீ வேற எதையும் யோசிக்காதே," என்று சொல்லியிருந்தார் சீட்கவர்க்காரர். பஸ்ஸில் போனால் முழு ராத்திரி ஆகும். கைவசம் இருந்த ஒரு வேன் சீட்டை முடித்துக் கொடுத்துவிட்டு, காலை விமானத்தைப் பிடித்தால் மத்தியானத்துக்குள் போய்விடலாம் என்பது கணக்கு. கணக்கு சரியானதுதான். விமானத்தை நம்பிப் போட்டதில்தான் கோளாறு.

விமான நிலையத்தில் பையை ஒப்படைத்துவிட்டுத் திரும்பியவரின் முன்னால், பச்சை மேல்சட்டை போட்ட ஓர் இளம்பெண் வந்து நின்றாள். கையில் டேப்லெட், கழுத்தில் வாரியத்தின் அடையாள அட்டை.

"சார், ரெண்டு நிமிஷம். இன்னிக்கு இந்த விமானத்துக்கு நீங்க மாதிரிப் பயணி."

"நானா? எதுக்கும்மா?"

"கம்ப்யூட்டர் எடுத்துச்சு சார். நாலு பேரை எடுக்கும். அந்த நாலு பேரை வச்சு விமானத்தோட தரத்தை அளப்போம். கேக்குறதுக்கு ஏழுக்கு எவ்வளவுன்னு சொன்னா போதும். விமானம் சொன்ன நேரத்துக்குக் கிளம்பும்னு எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க?"

"டிக்கெட்லயே நேரம் போட்டிருக்கேம்மா."

"போட்டிருக்கு சார். நீங்க எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க?"

"போட்டிருக்குன்னா கிளம்பணும்தானே? ஏழு."

வாரியப்பெண்ணின் விரல் அந்தரத்தில் நின்றது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த எண்ணை அவள் தொட்டதே இல்லை. அது வேலை செய்கிறதா என்றே அவளுக்குச் சந்தேகம்.

"சீட் கிழியாம இருக்கும்னு?"

"சீட்டைக் கிழிசலோட ஒருத்தருக்குக் கொடுக்கலாமாம்மா? ஏழு."

"பை உங்க கூடவே வந்து சேரும்னு?"

"நான் கொடுத்த பைதானே? ஏழு." பணியாளர்கள் சிரித்த முகமாகப் பேசுவதற்கும் ஏழு.

வரிசையில் பின்னால் நின்ற மருந்துக் கம்பெனிக்காரர் அவர் தோளைத் தொட்டார். வாராவாரம் இதே விமானத்தில் போகிறவர். முகத்தில் ஒரு பக்குவம் வந்திருந்தது.

"அண்ணே, புதுசா? எல்லாத்துக்கும் ஒண்ணு போட்டுட்டு வந்துடுங்க."

"பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"பொய் இல்லண்ணே, அனுபவம். நானும் ஒரு காலத்துல நாலெல்லாம் போட்டவன்தான்."

அதற்குள் டேப்லெட் சிவப்பாகிக் கத்த ஆரம்பித்திருந்தது. எந்த ஒரு கேள்விக்கும் மாதிரிப் பயணிகளின் சராசரி எதிர்பார்ப்பு இரண்டைத் தாண்டினால் விமானம் கிளம்பக் கூடாது என்பது வாரிய விதி. எதிர்பார்ப்போடு ஏறுகிறவர் ஏமாற்றத்தோடு இறங்குவார், ஏமாற்றம் உடம்புக்கு ஆகாது, ஆகவே பயணியின் நலன் கருதி அவர் எதிர்பார்ப்பை விட்டொழிக்கும்வரை எல்லோரும் தரையில் இருக்க வேண்டியது. மற்ற மூன்று மாதிரிப் பயணிகளும் எல்லாவற்றுக்கும் ஒன்று போட்டுவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். இவர் ஒருவர் போட்ட ஏழால் சராசரி எகிறிவிட்டது.

அவரை அழைத்துப்போன எதிர்பார்ப்புச் சீரமைப்பு அறை, கழிப்பறையைத் தாண்டி, ஒரு கண்ணாடிக் கதவின் பின்னால் இருந்தது. உள்ளே ஒரு மேசை. பார்வையாளருக்கு மூன்று கால் உள்ள ஒரு நாற்காலி. நான்காவது கால் இருந்த இடத்தில் வாரியத்தின் முத்திரை ஒட்டியிருந்தது. எதிரே ஆலோசகர் நான்கு கால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மெதுவாகப் பேசுகிற, எதற்கும் கோபப்படாத மனிதர். அந்த மாதிரி ஆட்களிடம் மாட்டிக்கொண்டால் தப்புவது கஷ்டம்.

"உக்காருங்க. கொஞ்சம் முன்னாடி சாஞ்சு உக்காந்தா விழாது. தண்ணி வேணுமா?"

"கொடுங்க சார். தொண்டை காய்ஞ்சு போச்சு."

ஆலோசகர் மணியை அழுத்தினார். ஒருவரும் வரவில்லை. அவர் சிரித்த முகமாக இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் போனதும் மறுபடி, "தண்ணி வேணுமா?" என்றார்.

"கேட்டேனே சார்."

மறுபடி மணி. இந்த முறை ஓர் ஆள் வந்து ஒரு காலி டம்ளரை வைத்துவிட்டுப் போனார்.

"இப்ப எப்படி இருக்கு?"

"தண்ணி இல்லையே சார்."

"இல்லைதான். ஆனா டம்ளர் வந்திருக்கு. முதல் தடவை அதுவும் வரலை. அப்ப முன்னேற்றமா இல்லையா? நீங்க தண்ணியையே நினைச்சுக்கிட்டு இருந்ததால டம்ளரோட அருமை தெரியலை. இதைத்தான் நாங்க இடைவெளின்னு சொல்றோம்."

"சார், எனக்கு மூணு மணிக்கு அங்க இருக்கணும். தங்கச்சி கல்யாணம். நான் கையெழுத்துப் போட்டாத்தான் நடக்கும்."

ஆலோசகர் தலையை ஆட்டிக்கொண்டே ஒரு தாளில் குறித்துக்கொண்டார். "குடும்பத்துலயும் எதிர்பார்ப்பு. பரம்பரையா இருக்கும்போல," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

போன் அடித்தது. தங்கச்சி.

"ஏறிட்டியா?"

"ஏறப் போறேன்மா. சின்னதா ஒரு ஃபார்ம் வேலை."

"சீக்கிரம் முடி. இவரு இப்பவே சட்டை மாத்திட்டு உக்காந்துட்டாரு."

கண்ணாடிக் கதவுக்கு வெளியே கூட்டம் சேர்ந்துவிட்டது. விமானம் ஏன் கிளம்பவில்லை என்று கேட்ட பயணிகளிடம், வாரியம் எதையும் மறைக்காமல் இவரைக் கைகாட்டியிருந்தது. குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஓர் அம்மா உள்ளே எட்டிப் பார்த்து, "பெரிய மனுஷன் மாதிரி இருக்கீங்க. உங்க ஒருத்தருக்கு நேரத்துக்குக் கிளம்பணும்கிறதுக்காக நாங்க எல்லாரும் லேட்டாகணுமா?" என்று கேட்டாள். அதில் இருந்த நியாயத்துக்குப் பதில் தெரிந்தவர் யாரும் இருந்தால் வாரியத்துக்கு எழுதிப் போடலாம்.

அடுத்து வந்தவர் விமானப் பணியாளர். கன்னம் இரண்டிலும் வலித் தைலம் தடவியிருந்தார். வாரியத்தில் சிரிப்பை அளக்கத் தனியாக ஓர் அளவுகோல் இருக்கிறது. உதட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை வைத்துப் பார்ப்பார்கள்.

"சார், சிரிப்புக்கு ஏழு எதிர்பார்க்கிறேன்னு போட்டுட்டீங்களாமே?" என்றார் அவர், வாயை அதிகம் திறக்காமல்.

"மூஞ்சி கொடுத்துப் பேசணும்னு நினைச்சேன் தம்பி. அவ்வளவுதான்."

"உங்களுக்கு அவ்வளவுதான். அடுத்த மாசம் எங்க டார்கெட்டை ஏத்திடுவாங்க. போன தடவை ஏத்தினப்ப ஒரு பொண்ணுக்குத் தாடை பிடிச்சுக்கிட்டு, துக்க வீட்டுலயும் சிரிச்ச மூஞ்சியா நின்னா. ரெண்டு போடுங்க சார், புண்ணியமாப் போகும்."

அந்தத் தாடைக்காக இவர் மனம் இளகியது. சிரிப்புக்கு ஒன்று போட்டார். ஒரு இடத்தில் இளகினால் ஆலோசகர்கள் விடுவார்களா. நேரத்துக்குக் கிளம்புவது ஏழிலிருந்து ஐந்து, மூன்று, ஒன்று. ஏற்கெனவே கிளம்பாத விமானத்துக்கு அதில் என்ன வீம்பு என்று அவருக்கே தோன்றியது. பைக்கு ஒன்று. சீட்டில் கொஞ்சம் தகராறு செய்தார். இருபத்தைந்து வருடம் சீட் தைத்த கை, கிழிசலுக்குச் சம்மதிக்க மறுத்தது. மணியைப் பார்த்தார். சீட்டுக்கும் ஒன்று போட்டார்.

கடைசியாக ஒரு கேள்வி மட்டும் மிச்சம் இருந்தது. ஆலோசகர் அதைத் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். "இந்த விமானம் உங்களை நீங்க போக வேண்டிய ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்னு எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க?"

"அதுக்கு ஏழுதான் சார். அதுல கை வைக்காதீங்க."

"நாலு?"

"சார், ஊர் போய்ச் சேரலைன்னா நான் எதுக்கு ஏறணும்?"

"எல்லாரும் இதைத்தான் கேக்குறாங்க," என்றார் ஆலோசகர் வருத்தத்தோடு. "மத்ததுல எல்லாம் எவ்வளவு பெருந்தன்மையா விட்டுக்கொடுப்பாங்க. இங்க வந்ததும் பிடிவாதம். நீங்க ஒண்ணுன்னு போட்டா விமானம் இப்பவே கிளம்பும். ஏழுன்னு போட்டா கிளம்பாது. உங்க தங்கச்சிகிட்ட எதுல போய்ச் சேருவீங்க, நீங்களே சொல்லுங்க."

சீட்கவர்க்காரர் காலி டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். போய்ச் சேர வேண்டுமென்றால், போய்ச் சேர்வோம் என்று நினைப்பதை விட வேண்டும். அப்படி ஒரு இடத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். தங்கச்சியின் முகத்தை நினைத்துக்கொண்டு ஒன்று போட்டார். டேப்லெட் பச்சையானது. வெளியே நின்றவர்கள் கை தட்டினார்கள். இவருக்கு மட்டும் எதையோ விற்றுவிட்டு வந்ததுபோல் கை கூசியது.

விமானத்தில் இவருக்குக் கிடைத்த சீட்டில் ஸ்பாஞ்சு வெளியே எட்டிப் பார்த்தது. ஊசி இருந்திருந்தால் போகிற போக்கில் தைத்திருப்பார். பயணம் முடிந்ததும் கிடைத்ததற்கு மதிப்பெண் வாங்க வேண்டியிருந்ததால் வாரியப்பெண்ணும் கூடவே வந்தாள். மேலே ஏறிக் கொஞ்ச நேரத்தில் விமானி பேசினார்.

"பயணிகள் கவனத்திற்கு. இந்த விமானத்தில் இன்றைய சராசரி எதிர்பார்ப்பு ஒன்று என்று வாரியம் தெரிவித்துள்ளது. இது எங்கள் கம்பெனியின் வரலாற்றில் மிகக் குறைவானது. உங்கள் பெருந்தன்மைக்கு நன்றி. குறிப்பிட்ட எந்த ஊரையும் நீங்கள் எதிர்பார்க்காத நிலையில், வாரியத்தின் விருது விழா நடைபெறும் ஊரில் தரையிறங்குகிறோம். மேடைக்குப் பின்னால் நிறுத்த ஒரு விமானம் தேவைப்படுகிறது."

சீட்கவர்க்காரர் எழுந்துவிட்டார். சீட் பெல்ட் பிடித்து இழுத்தது. சுற்றிலும் பார்த்தார். யாராவது கத்துவார்கள், ஒருவராவது கேட்பார் என்று நினைத்தார். மக்கள் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள்.

"என்னங்க இது, வேற ஊருக்குப் போறானே," என்றார் பக்கத்தில் இருந்த மருந்துக் கம்பெனிக்காரரிடம்.

"போன வாரம் ஒரு சுத்து சுத்திட்டு கிளம்பின இடத்துலயே இறக்கிவிட்டான்ணே. இது எவ்வளவோ மேல். வேற ஊராவது பாக்கலாம்."

சக்கரம் தரையைத் தொட்டதும் விமானமே கைதட்டியது. வாரியப்பெண் ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டு வந்தாள். எதிர்பார்த்தது ஒன்று. கிடைத்தது, உயிரோடு தரையிறங்கியது, ஆகவே மூன்று. மிச்சம் இரண்டு. சைபருக்கு மேலே இரண்டு. மலிவு விமானங்களின் சரித்திரத்தில் அப்படி ஒரு தரம் அதுவரை பதிவானதில்லை. ஏழிலிருந்து ஒன்றுக்கு ஒரே காலையில் இறங்கிவந்த பயணியைக் கையோடு மேடைக்கு அழைத்துவரச் சொல்லித் தலைவரிடமிருந்து ஆள் வந்துவிட்டது. எனக்கு அவசரம், ஊருக்குப் போக வேண்டும் என்று இவர் சொன்னதை, புதிதாகச் சீரமைக்கப்பட்டவர்களுக்கு வரும் சாதாரண மயக்கம் என்று குறித்துக்கொண்டார்கள்.

விழா விமான நிலையத்தின் ஓரத்திலேயே பந்தல் போட்டு நடந்தது. முதல் விருது, நேரந்தவறாமைக்கு. வாங்கிய கம்பெனியின் விமானங்கள் நான்கு மாதமாகப் பறக்கவில்லை. ஒரு முறைகூடத் தாமதமில்லை, ஒரு பைகூடத் தொலையவில்லை, ஒரு பயணிகூட முகம் சுளிக்கவில்லை. பறக்கிற கம்பெனிகள் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நடுவர்கள் எழுதியிருந்தார்கள். பறக்கிற கம்பெனிகளின் பிரதிநிதிகள் முன்வரிசையில் குறிப்பெடுத்தார்கள்.

பிறகு தலைவர் எழுந்தார்.

"நண்பர்களே, நான் இந்த வாரியத்துக்கு வந்தபோது பயணிகள் அழுதுகொண்டிருந்தார்கள். ஏன் அழுதார்கள்? விமானம் தாமதமானதாலா? இல்லை. தாமதமாகாது என்று நினைத்ததால். நாங்கள் விமானத்தைத் திருத்தவில்லை. அது பெரிய வேலை, செலவு பிடிக்கும், கம்பெனிகள் மனம் நோகும். நாங்கள் பயணியைத் திருத்தினோம். இன்று ஒரு பயணியிடம் பை எங்கே என்று கேட்டால், எந்தப் பை என்று கேட்கிறார். இந்த அமைதியை எந்தப் பணத்தால் வாங்க முடியும்? எங்களைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. வாரியம் யாருக்காக இருக்கிறது என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியிலேயே ஓர் எதிர்பார்ப்பு இருப்பதைக் கவனியுங்கள். அடுத்த ஆண்டு மருத்துவமனைகளிலிருந்து எங்களை அழைத்திருக்கிறார்கள். நோயாளி பிழைப்போம் என்ற நினைப்போடு உள்ளே போவதால் எவ்வளவு மனக்கசப்பு வருகிறது தெரியுமா?"

கைதட்டல் ஓய்ந்ததும் சீட்கவர்க்காரரைப் பக்கத்தில் நிறுத்தி, தோளில் கை போட்டு, கண்ணாடியில் செய்த ஒரு பெரிய சைபரைப் பரிசாகக் கொடுத்தார்கள். அந்த நேரம் பார்த்து இவர் சட்டைப் பையில் போன் அடித்தது. மணி மூன்றரை. மைக்குக்கு அருகில் இருந்ததால் பந்தல் முழுவதும் அடித்தது.

அளக்கக் கிடைத்த மாதிரியை விட்டுப் பழக்கமில்லாத தலைவர், போனைத் தானே வாங்கி மைக்கில் வைத்தார்.

"வணக்கம்மா. வாரியத் தலைவர் பேசறேன்."

"எந்த வாரியம்? எங்கண்ணன் எங்க?"

"பக்கத்துலதான் இருக்காரு, பரிசு வாங்கிக்கிட்டு. உங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி. அண்ணன் இன்னிக்கு வருவார்னு ஏழுக்கு எவ்வளவு எதிர்பார்த்தீங்க?"

"இது என்ன கேள்வி? ஏழு."

தலைவர் கூட்டத்தைப் பார்த்துக் கனிவோடு சிரித்தார். "பாருங்கள், சீரமைக்கப்படாத ஒரு குடும்பம். இப்போது நம் கண் முன்னாலேயே இறங்கும்," என்றார். பிறகு போனில், "அம்மா, அண்ணன் அங்க வரலை. வேற ஊர்ல இருக்காரு. மூணு மணியும் போச்சு. இப்ப சொல்லுங்க, வருவார்னு எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க? அவசரமில்ல, நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க."

அந்தப் பக்கம் யாரோ தாளில் முத்திரை குத்துகிற சத்தம் மட்டும் கேட்டது. சீட்கவர்க்காரர் கண்ணை மூடிக்கொண்டார். வேறு எண் எதுவும் அவள் வாயிலிருந்து வந்துவிடக் கூடாதே என்று அவர் மனம் அடித்துக்கொண்டது.

"ஏழு."

"அம்மா, கேள்வி உங்களுக்குப் புரியலைன்னு நினைக்கிறேன்."

"புரிஞ்சுது. வரேன்னு சொல்லியிருக்காரு, வருவாரு. இங்க பதிவாளர் கால்ல விழாத குறையா கெஞ்சி, நாளைக்குக் காலைல வரைக்கும் நேரம் வாங்கியிருக்கேன். சாயங்காலம் இவருக்குக் கப்பல். அதனால ஏழுதான். அதுக்கு மேல ஏதாவது இருந்தா அதையும் போட்டுக்குங்க. போனை அண்ணன்கிட்ட கொடுங்க."

மேடைக்குப் பின்னால் இருந்த பெரிய திரையில், உடனுக்குடன் கணக்குப் போட்டுக் காட்டும் சூத்திரம் திணறியது. கிடைத்தது ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாமல் போன பிறகும் எதிர்பார்ப்பது ஏழு. இப்படி ஒரு கழித்தல் அதற்குச் சொல்லித்தரப்படவில்லை. திரை இரண்டு தரம் மின்னிவிட்டு இருண்டது. "கருவிக் கோளாறு. அந்த மாதிரியை நீக்கிவிடுங்கள்," என்றார் தலைவர், மைக்கை மூட மறந்து. நீக்கினார்கள். வாரியத்தின் ஆண்டறிக்கையில் அந்த ஏழைத் தேடிப் பயனில்லை.

சீட்கவர்க்காரர் போனை வாங்கி, "வந்துட்டிருக்கேன்," என்றார். கண்ணாடிச் சைபரைத் தலைவரின் கையிலேயே திருப்பி வைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கினார். பை வேறு எந்த ஊருக்கோ போயிருந்தது. அதைக் கேட்டுக்கொண்டு நிற்கவும் அவருக்கு நேரமில்லை.

பந்தல் வாசலில் வாரியப்பெண் மூச்சு வாங்க ஓடி வந்து பிடித்தாள். இன்னொரு ஃபார்ம் என்று நினைத்து இவர் கையை உதறினார்.

"அது இல்ல சார். பஸ் நிலையம் இடது பக்கம். உங்க தங்கச்சி ஊருக்குக் கடைசி வண்டி ஆறு மணிக்கு."

"நேரத்துக்குக் கிளம்புமாம்மா?"

"கிளம்பும் சார்," என்றாள் அவள், திரும்பி ஒருமுறை மேடையைப் பார்த்துக்கொண்டு. "அதை நாங்க அளக்கிறதில்ல."

பஸ் ஆறு மணிக்குக் கிளம்பியது. சீட் இங்கேயும் கிழிந்துதான் இருந்தது, ஆனால் அதற்கு யாரும் மதிப்பெண் கேட்கவில்லை. காலையிலிருந்து பட்ட அடியில் இவருக்கு யாரையும் நம்பத் தெம்பில்லை. டிக்கெட் கிழிக்க வந்த கண்டக்டரிடம், "காலைல ஊர் போய்ச் சேந்துடுமா? கண்டிப்பா?" என்று இரண்டு முறை கேட்டார். கண்டக்டர் இவரை மேலும் கீழும் பார்த்தார்.

"ஊருக்குப் போறதுக்குத்தானேய்யா பஸ்ஸு."

அந்தப் பதிலைக் கேட்டுவிட்டுத்தான் அவர் தூங்கினார்.

காலையில் பதிவு அலுவலகத்துக்கு இவர் போய்ச் சேர்ந்தபோது, கதவை இன்னும் முழுதாகத் திறந்திருக்கவில்லை. படிக்கட்டில் மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். கப்பலுக்குப் போகிற பெட்டி. பக்கத்தில் தங்கச்சி. நேற்றுக் கட்டிய நல்ல துணியையே மறுபடி உடுத்தியிருந்தாள், கசங்கியிருந்தது. இவரைக் கண்டதும் மாப்பிள்ளையின் முகம் மலர்ந்தது. "மச்சான் வந்துட்டாரு," என்றபடி எழுந்தார். தங்கச்சி எழுந்திருக்கவில்லை.

"மூணு மணிக்கு வரேன்னு சொன்னியா இல்லையா?"

"சொன்னேன்."

"எந்த நாள் மூணு மணி?"

"நேத்து."

"இப்ப வந்து நிக்கிற. சட்டையைப் பாரு, சாக்குல கட்டிக் கொண்டுவந்த மாதிரி. பை எங்க? அதையும் தொலைச்சாச்சா? இங்க ஒருத்தி எல்லாரும் போனப்புறம் ஆபீஸ் வாசல்ல வழி பாத்து உக்காந்திருப்பாளேன்னு ஒரு நெனப்பு வேணாம்? யாரோ ஒரு ஆளை விட்டு ஏழா எட்டான்னு கேக்க வைக்கிற. எனக்கு எவ்வளவு ஆத்திரம் தெரியுமா?"

சீட்கவர்க்காரர் படிக்குக் கீழேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நேற்று ஒரு விமானம் நிறைய மனிதர்கள், போக வேண்டிய ஊருக்குப் போகாததற்குக் கை தட்டியதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். இவள் ஒருத்தி ஒரு மணிநேரத்தைக்கூட விட்டுத்தர மறுக்கிறாள். வாரியத்தின் கணக்கில் இது மிகக் கேவலமான மதிப்பெண். அவருக்கு நெஞ்சு நிறைந்து, கண்ணில் நீர் கட்டியது. சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம்.

"இன்னும் திட்டும்மா," என்றார்.

"திட்டத்தான் போறேன்," என்று தங்கச்சி எழுந்து அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "மொதல்ல உள்ள வந்து கையெழுத்தைப் போடு."